படக்காட்சியும் பிரஜைகள் கடமையும்

படவிழா என்பது கனவான்கள் கூடிக் கலையும் வேடிக்கை என்று நமது ஊழியர்களில் சிலர் கருதுகின்றனர். அவ்வபிப்பிராயம் முற்றும் பிசகென்று நாம் சொல்லமாட்டோம். அநேக விழாக்கள் அப்படித்தான் முடிகின்றன. ஆயினும், அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து நெவாடா சிட்டி என்னும் சிற்றூரில் நடந்துவரும் ஒரு விழாவின் வரலாற்றை அவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

அவ்வூர்ப் பக்கமாக ஓடும் யூபா நதி பொன்னாசையினால் பாழ்பட்டது. 19-ம் நூற்றாண்டில் சுரங்க முதலாளிகள் பெருங்குழாய்களால் நீரைப் பீச்சி மலைகளையே கரைத்தனர். அச்சேறும் கல்லும் நதிவழி இறங்கிக் கீழேயுள்ள விளைநிலங்களை மூடின. குடியானவர்கள் வழக்காடி 1884-ல் தடையுத்தரவு பெற்றனர். பொன்னைப் பிரிக்க வார்த்த பாதரசமோ இன்றும் மணலில் கிடக்கிறது. பிற்காலத்தில் புதிய அணைத் திட்டங்கள் கிளம்பவே, அவற்றை எதிர்க்க ஊரார் 1983-ல் தென் யூபா நதிப் பிரஜைகள் சங்கத்தை நிறுவினர். பதினாறு வருஷம் சலியாது போராடி, தென் யூபாவில் 39 மைல் தூரத்திற்குப் பாதுகாப்பளிக்கும் மாகாணச் சட்டத்தை 1999-ல் பெற்றனர்.

படவிழா பிறந்தது அதன் பின்பே, 2003-ல். இந்த வரிசையை நேயர்கள் கவனிக்கவேண்டும். முதலில் நதி, அடுத்தது சங்கம், படம் மூன்றாவது. விழாவின் பெயரே சட்டம் அந்நதிக்கு அளித்த பட்டத்திலிருந்து எடுத்ததுதான். அப்படங்கள் பிறகு வேற்றூர்களுக்கும் செல்கின்றன. அங்கங்குள்ள சங்கத்தார் தமக்கு வேண்டியவற்றைத் தாமே பொறுக்கிக் காட்டி, அங்கத்தினரையும் நிதியையும் சேர்த்துக்கொள்கின்றனர். திரை உண்டாக்கும் மன இளக்கம் மறுநாள் காலைக்குள் ஆறிவிடும் என்பது நமக்குத் தெரியாததன்று. ஆகவே உருகி வெளியே வருபவனிடம் பெயர் கேட்க, வேலை சொல்ல, வாசலில் ஓர் ஆள் நிற்கவேண்டும். படவிழா நடத்த விரும்பும் நமது சங்கங்கள், கொட்டகைக்கு முன்பணம் கட்டுமுன் அந்த ஆளைத் தேடிக்கொண்டனவா? எந்த ஏரிக்காக, எந்த அதிகாரியிடம், என்ன கேட்கப் போகின்றன?

யூபாவிலும் சகலமும் கைகூடிவிடவில்லை. சுரங்கச் சேற்றைத் தடுக்க 1941-ல் கட்டி முடித்த எங்கிள்பிரைட் அணையைத் தாண்டிச் சால்மன் மீன்கள் தாமாக மேலேற வழியில்லை. ஆனால் வருஷந்தோறும் செப்டம்பரில், நதிக்கரையிலுள்ள குப்பையைப் பொறுக்க ஜனங்கள் சாக்கும் கையுமாக இறங்குகின்றனர்.