மாட்டின் மூக்கில் இருக்கிறது சாட்சி

மதுரையை அடுத்த பரவை, சமயநல்லூர் பக்கம் இரண்டு கறவை மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற குடும்பங்கள் உண்டு. அந்த மாட்டில் ஒன்று செத்துப்போனால் வீட்டு வருமானத்தில் பாதி போய்விடும்.

இன்சூரன்ஸ் போட்டிருந்தாலும், செத்தது அதே மாடுதான் என்று காட்டியாக வேண்டும். அதற்குச் சாட்சி காதுவில்லை. 12 இலக்க எண் போட்ட அந்த மஞ்சள் வில்லை முள்வேலியில் மாட்டி அறுந்து விழலாம். ஒரு மாட்டின் வில்லையைக் கழற்றி இன்னொன்றின் காதில் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மோசடிக்குப் பயந்து கெடுபிடி கூடும்போது, அடிபடுவது ஒழுங்காகப் பணம் கட்டியவர்தான்.

கால்நடை மருத்துவத் துறையில் செயற்கை நுண்ணறிவுப் பொறியாளருக்கு என்ன வேலை என்று கேட்கிற மாணவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

மாட்டின் மூக்குத் தோலில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோடுகள் மாட்டுக்கு மாடு வேறுபடும். அமெரிக்காவில் பீட்டர்சன் என்பவர் மூக்கு ரேகையை வைத்து மாட்டை அடையாளம் காணலாம் என்று 1922-லேயே எழுதினார். சென்னையின் த்வாரா இ-டெய்ரி நிறுவனம் அதை மொபைல் கேமராவுக்குக் கொண்டுவந்தது. அந்த அடையாள முறை 2021-ல் இஃப்கோ டோக்கியோவின் மாட்டுக் காப்பீட்டுக்கு வந்தது.

சொல்வதற்கு எளிது. தொழுவத்தில் நின்று பார்த்தால் சிரமம் புரியும். ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். மூக்கில் தவிடு ஒட்டியிருக்கும், ஈரம் துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஈரம் மின்னினால் கோடு தெரியாது. துணியால் ஒற்றி எடுத்து, அடுத்த துளி கிளம்புவதற்குள் படம் பிடிக்க வேண்டும். அதற்குள் மாடு நாக்கை நீட்டி மூக்கை நக்கிவிடும். மங்கலான படத்தை அங்கேயே தள்ளி ‘மறுபடி எடுங்கள்’ என்று கேட்க மென்பொருளைப் பழக்க வேண்டும். கறுத்த மூக்கு, வெளிறிய மூக்கு, ஜெர்சிக் கலப்பு, கிடையில் அடையும் புலிக்குளம் மாடு என எல்லாவற்றின் படமும் அதற்கு வேண்டும். ஒரே மாட்டை வெவ்வேறு நாளில், வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்ததும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் மென்பொருள் இரண்டு விதமாகத் தவறலாம். வேறு மாட்டை ‘இதுதான்’ என்றால் நஷ்டம் கம்பெனிக்கு. அதே மாட்டை ‘இது இல்லை’ என்றால் நஷ்டம் மாட்டுக்காரருக்கு. முதல் தவறைக் குறைக்கப் பிடியை இறுக்கினால் இரண்டாவது கூடும். பிடியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும்போது, எந்த நஷ்டத்தை யாரால் தாங்க முடியும் என்றும் பார்க்க வேண்டும். கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான பாலிசிகள் இருக்கும். பரவைக்காரருக்கு இரண்டே மாடு.

அதனால் மெஷின் ‘இல்லை’ என்றதும் கோப்பை மூடிவிடக் கூடாது. கால்நடை டாக்டரின் சான்றையும் பால் சொசைட்டிப் பதிவையும் பார்த்து மனிதர் ஒருவர் முடிவு சொல்ல வேண்டும். அந்த வழியை மென்பொருளுக்குள்ளேயே வைப்பதும் பொறியாளரின் கடமை. செத்த மாட்டுக்குப் பணம் தட்டாமல் வரும் என்று தெரிந்தால்தான் இன்னொரு மாடு வாங்க இங்கே துணிவார்கள். மதுரையில் இந்தப் பொறியியலைப் படிக்கிற பிள்ளைகள் அந்தத் துணிச்சலுக்காக உழைக்கட்டும்.