மருள் என்னும் சொல்

உலக வழக்கிலும் செய்யுள் வழக்கிலும் பயின்று வருஞ் சொற்களுட் சில, ஒரு பொருளையே குறிப்பன போலத் தோன்றினும், நுணுகி நோக்குவார்க்குத் தம்முள் வேறுபாடுடையன என்பது புலனாகும். இருள், மருள் என்னும் இரண்டும் அத்தகையன. இவற்றுள் மருள் என்பதன் பொருளும் வழக்கும் யாவையென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இருளாவது ஒளியின்மை. மருளாவது ஒளி சிறிதிருந்தும் பொருளின் உண்மை துணியப்படாத நிலை. நள்ளிரவில் வழியிற் கிடப்பதனை நாம் காண்பதேயில்லை. ஆதலின் அதுபற்றி ஐயமும் எழுவதில்லை. அந்திப் பொழுதிலோ அதனைக் காண்கின்றோம். கண்டும், கயிறோ பாம்போ எனத் திகைக்கின்றோம். முன்னையது இருள், பின்னையது மருள். திருவள்ளுவர், ‘பொழுதுகண்டிரங்கல்’ என்னும் அதிகாரத்தில், மாலைக்கு மருள் என்பதனையே அடையாகப் புணர்த்தார். பகலுமன்றி இரவுமன்றி இரண்டும் விரவி நிற்கும் பொழுதிற்கு அதனினும் பொருந்திய அடை கிடைத்தல் அரிது.

விரவுதல் என்னும் இப்பொருள் யாப்பிலக்கணத்துள்ளும் காணப்படும். வெண்பாவாய்த் தொடங்கி ஆசிரியப்பாவாய் முடியும் பாட்டு மருட்பா எனப்படும். புறநிலைவாழ்த்து, வாயுறைவாழ்த்து, செவியறிவுறூஉ, கைக்கிளை என்னும் நான்கு பொருள்மேல் அது வரும். ஈண்டு மருள் என்பது குற்றமன்று. இருவகைப் பாவும் கலந்தமையையே உணர்த்தும்.

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்று மருட்கை. அதற்கு வியப்பு என்பது பொருள். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன்களாம். முன் கண்டறியாத தொன்றனைக் காணும் அறிவு, இஃது இன்னதெனத் துணியமாட்டாது சிறிது பொழுது நிற்கின்றது. அந்நிலையினின்றே வியப்புப் பிறக்கின்றது. ஆகலின், கல்விக்கு வாயிலாகும் மருளும் உண்டென்பது பெறப்படும்.

இனி, இழிபொருளில் வருமாறு காண்பாம். ‘மெய்யுணர்தல்’ அதிகாரத்துள் வள்ளுவர், மெய்ப்பொருள் அல்லாதவற்றை மெய்ப்பொருளென்று கொள்ளும் உணர்வையே மருள் என்றார். மருள் நீங்கிய தெளிந்த காட்சியினார்க்கு இருள் நீங்கும் என்றுங் கூறினார். மருள் நீங்குதல் ஏது. இருள் நீங்குதல் பயன். இரண்டும் ஒரு பொருளவாயின் இக்கூற்றுப் பொருந்தாதன்றோ? திருநாவுக்கரசர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார் என்பதும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமலிங்க அடிகளின் திருவருட்பாவை உடன்படாதார் அதனை மருட்பா என இகழ்ந்ததும் இப்பொருள் பற்றியே. யாப்பின் பெயரொன்று ஆங்கு வசைச்சொல்லாயிற்று.

பேச்சு வழக்கில் மாடு மிரண்டது என்கின்றோம். மிரளுதல் மருளுதலின் திரிபே. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழியோ இரு சொற்களின் வேறுபாட்டையும் ஒருங்கே காட்டுகின்றது. இருள் புறத்தது; மருள் அகத்தது; பேயைப் படைப்பது பின்னையதே.

இவ்வேறுபாடு அறிவதாற் பயன் யாதெனின், கூறுதும். பவுலடிகள் கொரிந்தியர்க்கு வரைந்த முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில், இம்மையில் நாம் பெறும் அறிவைக் கண்ணாடியிற் காணும் தெளிவற்ற காட்சிக்கு ஒப்பிட்டார். அக்காலத்துக் கண்ணாடி பெரும்பாலும் மெருகிட்ட உலோகத் தகடேயாம். அத்தெளிவின்மையைக் குறிக்க அவர் ஆண்ட கிரேக்கச் சொல்லுக்கு விடுகதை என்பது பொருள். விடுகதையோ விடையுடையது. ஆகவே அக்காட்சியை மருள் எனல் தகுமன்றி இருள் எனல் தகாது.

அரிய நூலொன்றைத் தொட்டவுடன் ‘இஃது இருள்’ என்று மூடிவைப்பார், சிறிதொளி அங்கிருத்தலைக் காணாதவர். கண்ட சிறிதையே முற்றுமெனக் கொண்டு வாதிடுவாரோ மருளைத் தெருளென மயங்கினவர். இவ்விரு சாராரும் ஆகாது, அந்தியில் வழிச்செல்வான் குனிந்து நோக்குமாறு, ஐயுற்றதனை அணுகி ஆராய்தலே மாணாக்கராகிய நமக்குக் கடன்.