இறையச்சமும் நம் மறையுரைகளும்

கோவை பெரிய கடை வீதியில் உள்ள நம் பேராலயம் தூய மிக்கேல் அதிதூதருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மிக்கேல் என்ற எபிரேயப் பெயருக்கு 'கடவுளுக்கு நிகர் யார்?' என்று பொருள். திருச்சபையின் பழைய ஓவியங்கள் பலவற்றில் அவர் ஒரு கையில் வாளும் மறு கையில் துலாக்கோலும் ஏந்தி நிற்கிறார். இறந்தவர்களின் ஆன்மாக்கள் அந்தத் துலாக்கோலில் நிறுக்கப்படுகின்றன. சுற்றிலும் நாள் முழுவதும் தராசு ஏறி இறங்கும் ஒரு வணிக வீதியில், நிறுத்துப் பார்க்கும் அதிதூதரின் பெயரால் ஓர் ஆலயம்! திட்டமிட்டு அமைந்ததோ இல்லையோ, பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

ஆனால் அந்தத் துலாக்கோலைப் பற்றி நாம் கடைசியாக எப்போது மறையுரை கேட்டோம்?

ஞாயிறு மறையுரைகளில் கடவுளின் அன்பைப் பற்றிக் கேட்கிறோம். மன்னிப்பைப் பற்றியும், குடும்ப ஒற்றுமையைப் பற்றியும், கவலைப்படாமல் வாழ்வது பற்றியும் கேட்கிறோம். நடுவில் ஒரு நகைச்சுவை, கைப்பேசியில் வந்த ஒரு கதை. இவற்றில் தவறில்லை. ஆனால் கடவுள் தூயவர், அவர் முன் நாம் ஒருநாள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற செய்தி மட்டும் மெல்ல மெல்ல மறைந்துகொண்டு வருகிறது. 'சின்னக் குறிப்பிடம்' மனப்பாடம் செய்த நம் பாட்டிமாருக்கு மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்ற நான்கும் விரல்நுனியில் இருந்தன. தனித்தீர்வை எது, பொதுத்தீர்வை எது என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். இன்று மறைக்கல்வி வகுப்பில் 'தீர்வை' என்று சொன்னால், அது வரியா என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. பழைய தியானப் பிரசங்கங்களில் நரக நெருப்பு கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது. பிள்ளைகளிடம் 'சாமி கண்ணைக் குத்தும்' என்று சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. அதே குரலில் பீடத்திலிருந்தும் பேசினால், கேட்பவர் மனத்தில் கடவுள் ஒரு காவல்துறை அதிகாரியாகத்தான் பதிவார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருச்சபை இரக்கத்தின் தந்தையை முன்னிறுத்தியது. அது தேவையான திருத்தம். ஆனால் திருத்தம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, கண்டிக்கவே தெரியாத, எதையும் கேட்டுக்கொள்ளாத ஒரு தாத்தாவாகக் கடவுளை ஆக்கிவிட்டோமோ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய போதனையையும் நாம் முழுமையாக நினைவில் வைத்திருக்கவில்லை. நரகத்துக்குப் பயந்து வருந்துவது முதல் படி; கடவுளை நேசிப்பதால், அவரை நோகச் செய்துவிட்டோமே என்று வருந்துவதே உயர்ந்த மனஸ்தாபம் என்றுதான் அன்றும் கற்பித்தார்கள். 'உத்தம மனஸ்தாபம்' என்ற சொல்லே அதற்குச் சாட்சி. அடிமையின் அச்சம் வேறு, பிள்ளையின் அச்சம் வேறு என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தூய தாமஸ் அக்குவினாஸ் பிரித்துக் காட்டினார். அடிமை அடிக்கு அஞ்சுகிறான். பிள்ளையோ தந்தையின் முகம் வாடிவிடுமோ என்று அஞ்சுகிறது. தூய ஆவியாரின் ஏழு கொடைகளில் ஒன்றாக நாம் எண்ணும் இறையச்சம் இந்த இரண்டாவது வகை. உறுதிப்பூசுதலில் ஆயர் கைகளை விரித்து இந்தக் கொடையையும் பெயர் சொல்லிக் கேட்கிறார். கேட்டுப் பெற்ற ஒன்றைப் பற்றிப் பிறகு நாம் பேசுவதே இல்லை.

இந்த அச்சம் தண்டனையில் தொடங்குவதில்லை, தூய்மையைக் கண்டு தொடங்குகிறது. எசாயா 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவிலில் ஆண்டவரைக் கண்டதும் இறைவாக்கினர் மகிழ்ந்து கைதட்டவில்லை. தாம் அழிந்தோம் என்று அலறினார். தம் உதடுகள் தூய்மையற்றவை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பலிபீடத்து நெருப்புத் தணல் அந்த உதடுகளைத் தொட்டது. அது சுட்டெரிக்க வரவில்லை, தூய்மையாக்க வந்தது. லூக்கா 5ஆம் அதிகாரத்தில் பேதுருவும் அப்படித்தான். வலை கிழியும் அளவுக்கு மீன் கிடைத்த பிறகு, 'என்னைவிட்டுப் போய்விடும்' என்ற பொருளில் இயேசுவின் காலில் விழுகிறார். யாரும் அவரை மிரட்டவில்லை. கொடையின் பெருமையே அவரைத் தன் நிலையை உணரச் செய்தது. ஒவ்வொரு திருப்பலியிலும் 'தூயவர்' என்று மும்முறை நாம் பாடுவது எசாயா கேட்ட அதே பாடல்தான். அதைப் பாடிக்கொண்டே கைப்பேசியைப் பார்க்க நம்மால் முடிகிறது என்பதுதான் கவலைக்குரியது.

நம் மறைமாவட்டத்தின் தொடக்கத்திலேயே இறையச்சத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. கோவையின் முதல் ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆண்டகை 1813இல் பிரான்சில் பிறந்தவர். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த இவர் 1842இல் இந்தியா வந்தார். 1846 அக்டோபர் 4 அன்று நம் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். 1850இல் கோவை திருத்தூதரக ஆட்சிப்பகுதியானபோது (1886இல்தான் அது மறைமாவட்டமாக உயர்ந்தது) அதன் பொறுப்பை ஏற்றார். இந்த மண்ணின் மைந்தர்களே குருக்களாகவும் ஆயர்களாகவும் வர வேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு.

ஆனால் ஒரு கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 'மலபார் சடங்குகள்' என்று அழைக்கப்பட்ட உள்ளூர் வழக்கங்கள், அவற்றோடு பின்னிக் கிடந்த சாதி வேறுபாடுகள் ஆகியவை குறித்து 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் விதிகள் வகுத்திருந்தார். இங்கு வரும் மறைபரப்புப் பணியாளர்கள் அவற்றைக் கடைப்பிடிப்பதாக ஆணையிட வேண்டும். (அந்த ஆணை 1940இல்தான் நீக்கப்பட்டது.) எது அனுமதிக்கப்பட்டது, எது விலக்கப்பட்டது என்பதில் பணியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நடைமுறை ஒன்று, ஆணை ஒன்று என்றிருந்த நிலையில், பலரைப் போல அவரும் பார்த்தும் பாராமல் இருந்திருக்கலாம். அவர் உரோமையிடம் தெளிவு கேட்டார். மனச்சான்று அமைதி பெறவில்லை. பதவியைத் துறக்க முன்வந்தார்; 1855இல் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவருடைய முடிவு சரியா, அளவுக்கு மீறிய மனச்சான்று உறுத்தலா என்று வரலாறு படித்தவர்கள் வாதிடலாம். நம் பார்வைக்கு முக்கியமானது வேறு. கொங்கு நாட்டுக் கிராமங்களில் வழக்கு என்று வந்தால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சாட்சிக்குத் துணிந்தவர்கூட அந்த இடத்தில் கை நடுங்கிப் பின்வாங்குவது உண்டு. கடவுள் முன் சொன்ன சொல்லுக்குக் கணக்கு உண்டு என்பதை இந்த மண் அறியும். ஆயர் பிரெசிலாக்கும் அப்படி அஞ்சியவர்தான். ஆனால் அந்த அச்சம் அவரை முடக்கவில்லை. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுனில் இறங்கினார். ஆறு வாரத்துக்குள், ஜூன் 25 அன்று, கொள்ளை நோயில் உயிர் துறந்தார். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

தீர்ப்பைப் பற்றிப் பேசினால் மக்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். யார் பயப்படுவார்கள் என்பதைப் பொறுத்தது அது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் வெளியிட்ட 'ஸ்பே சால்வி' சுற்றுமடலில், இறுதித் தீர்ப்பை எதிர்நோக்கைக் கற்றுக்கொள்ளும் இடமாகக் காட்டுகிறார். நீதி கிடைக்காமலே இறந்துபோனவர்களுக்கு இனி என்ன வழி என்ற கேள்விக்கு உலகத்திடம் பதில் இல்லை, கடவுளிடம் உண்டு.

இதை நொய்யல் கரையில் நின்று வாசித்துப் பாருங்கள். பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. யாருக்காகக் கட்டினார்களோ அந்த விவசாயிகளே தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவை முழுவதும் சுத்திகரிக்கும் கட்டாயம் வந்தது. அதற்குள் எத்தனை தோட்டங்கள், எத்தனை கிணறுகள் பாழாகின! நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்று ஆண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று சேர்க்கப்பட்ட ஏழைப் பெண் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறி, அந்தத் தொகையைப் பார்க்காமலே ஊர் திரும்பியவர்கள் உண்டு. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது படைகளின் ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்று யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். கள்ளத் தராசைப் பற்றி ஆமோசும் பேசுகிறார். இந்தப் பகுதிகள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அச்சுறுத்தலாகவா கேட்கும்?

திருத்தந்தை பிரான்சிஸ் இரக்கத்தின் திருத்தந்தை என்று பெயர் பெற்றவர். அவரே 2014 ஜூன் 11 அன்று தம் புதன் மறைக்கல்வி உரையில் இறையச்சத்தை ஓர் எச்சரிக்கை மணிக்கு ஒப்பிட்டார். ஊழல் செய்பவர்கள், மனிதரை விற்பவர்கள், ஆயுதம் செய்து பிழைப்பவர்கள் ஆகியோரைச் சுட்டி, அவர்கள் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். இரக்கமும் தீர்ப்பும் அவர் வாயில் முரண்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடக்கத் திருப்பலிகளில் இப்போது இறந்தவரைப் புகழ்ந்து, அவர் ஏற்கெனவே விண்ணகத்தில் இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று முடித்துவிடுகிறோம். குடும்பத்தாருக்கு ஆறுதல்தான். ஆனால் அங்கே மறையுரை இருக்க வேண்டும், புகழுரை கூடாது என்று திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் (எண் 382) சொல்கின்றன. எல்லாரையும் உடனே புனிதராக்கிவிட்டால் அவர்களுக்காக யார் செபிப்பார்கள்? உத்தரிப்பு நிலையில் நம் செபத்துக்காகக் காத்திருக்கும் ஆன்மாவின் பங்கை நம் இனிய சொற்கள் பறித்துவிடுகின்றன. கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுதிரியும் மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

இதற்காகத் தனியாகத் தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. வாசக நூலே வழி காட்டுகிறது. பொதுக்காலம் 33ஆம் ஞாயிறும் திருவருகைக்காலம் முதல் ஞாயிறும் ஆண்டுதோறும் ஆண்டவரின் வருகையைப் பற்றியே பேசுகின்றன. முதலாம் ஆண்டில் கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று மத்தேயு 25 வருகிறது. மூன்றாம் ஆண்டில் செல்வரும் இலாசரும் வருகிறார்கள். அந்த நாள்களில் வாசகத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகாமல் நேராக உள்ளே நுழைந்தால் போதும். குரலை உயர்த்த வேண்டாம், நரகத்தை வர்ணிக்கவும் வேண்டாம். மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று 2024இல் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார். பசித்தவருக்குக் கொடுத்தாயா, அன்னியரை ஏற்றாயா, நோயுற்றவரைப் பார்த்தாயா என்று மத்தேயு 25இன் அரசர் கேட்பவற்றை நிதானமாக ஒருமுறை கேட்டுவிட்டு, சற்று மௌனமாக இருக்க அந்த எட்டு நிமிடம் தாராளம்.