மனதை நிறுக்கும் தராசு

திண்டுக்கல் பூச்சந்தையின் பழைய இரட்டைத் தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கல் வைக்கும் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால், மல்லிகையை எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடைதான் காட்டும். ஆனால் அது தவறான எடை. நட்டம் பூ கொண்டுவந்தவருக்கு. ஒரே விடை வருவது நம்பகம். சரியான விடை வருவது ஏற்புடைமை.

மனநிலையை அளக்கும் வினாத்தாளுக்கும் இவ்விரண்டும் வேண்டும். மொழி மாறும்போது புளி எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலேயர் ஒருவர் ‘நீலமாக இருக்கிறேன்’ என்றால் மனம் சோர்ந்திருக்கிறார் என்று பொருள். அதை அப்படியே தமிழில் கேட்டால், என் மாணவன் குனிந்து தன் சட்டையைப் பார்ப்பான்! தேர்வுக்கு அஞ்சித் தூங்காத உங்கள் வகுப்புத் தோழன் இப்படியொரு வினாவால் ‘நலம்’ என்ற பக்கம் விழுந்துவிட்டால், அவனை யார் போய் விசாரிப்பார்கள்?

தமிழாக்கத்தை, மூலத்தைப் பாராத ஒருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது வழக்கம். அது மட்டும் போதாது. 1991-இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய வாழ்க்கைத் தர ஆய்வில், சென்னை உள்ளிட்ட 15 மையங்களில் அந்தந்த ஊர் மக்களோடு பேசி, அவர்கள் மொழியிலேயே வினாக்கள் எழுதினார்கள். தூக்கம், வலி, பணம், நட்பு என எல்லாம் அதில் உண்டு. சோதனைக்குச் சென்றவை 236 வினாக்கள். நோயாளியையும் நலமானவரையும் பிரித்துக் காட்டாதவை போன்றவற்றைக் கழித்தபின் எஞ்சியவை 100.