தக்காளி ‘தககள’ ஆனது எங்கே?

பேரிகையில் காய்கறி மண்டி ஒன்றில் பில் போடும் வாசகர் கேட்டிருக்கிறார்: “தமிழ்99 முறையில் ‘தக்காளி’ என்று அடிக்கிறேன். நோட்பேடில் சரியாக வருகிறது. எங்கள் பில் மென்பொருளில் மட்டும் ‘தககள’ என்று விழுகிறது. ஃபான்ட்டை மாற்றினோம், கீபோர்டையும் மாற்றிப் பார்த்தோம். கோளாறு எதில்?”

இரண்டிலும் இல்லை. விழுந்ததைப் பாருங்கள்: த, க, க, ள நான்கும் பத்திரமாக இருக்கின்றன. புள்ளி, கால், விலங்கு மூன்றையும் காணோம். ஃபான்ட் கெட்டிருந்தால் வெறும் கட்டங்கள் வந்திருக்கும். இங்கே குறிகள் மட்டும் தேடிப்பிடித்து நீக்கப்பட்டிருக்கின்றன.

கீபோர்டுக்கு எழுத்தே தெரியாது. ‘எச்’ விசையை அழுத்தினால் யுஎஸ்பி கம்பி வழியே போவது 11 என்ற எண் மட்டும். அதை ஆங்கிலத்தின் எச் என்று கொள்வதா, தமிழ்99-இன் க என்று கொள்வதா என்பதைக் கணினிக்குள் இருக்கும் உள்ளீட்டு முறை முடிவு செய்யும். பிறகுதான் பெட்டி, பொத்தான், பட்டியலையெல்லாம் திரையில் வரைந்து தரும் ‘டூல்கிட்’ கைக்குச் செய்தி வந்து சேரும்.

‘தக்காளி’க்குத் தமிழ்99-இல் ஆறு அழுத்தங்கள்: எல், எச், எச், க்யூ, ஒய், எஸ். அதாவது த, க, க, ஆ, ள, இ. யூனிகோடில் பதிவாவது ஏழு குறியீடுகள். கண்ணுக்குத் தெரிவது நான்கு எழுத்துகள். ஆறு எப்படி ஏழாகிறது? இரண்டாவது எச் அழுத்தத்தில்தான் அது நடக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். முதல் எச்சுக்கு ‘க’ வந்து நிற்கிறது. அதே விசை மறுபடி விழுந்ததும், ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி வைக்க வேண்டும் என்ற விதியின்படி, உள்ளீட்டு முறை புள்ளியையும் அடுத்த ‘க’வையும் சேர்த்தே தருகிறது. ஓர் அழுத்தம், இரண்டு குறியீடுகள். விசை அழுத்தத்துக்கு இந்த நினைவு கிடையாது. முன்னால் என்ன விழுந்தது என்பதை நினைவில் வைத்திருப்பது உள்ளீட்டு முறைதான்.

உங்கள் மண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். லோடு வந்து நிற்பது வேறு, தரம் பிரித்து எடை போட்டுப் பில் எழுதுவது வேறு. விசை அழுத்தம் என்பது லோடு வருவது மட்டும். தரம் பிரிப்பவர் உள்ளீட்டு முறை. சரக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், விண்டோஸில் அவர் மென்பொருளுக்கு 229 என்ற எண்ணைச் சீட்டாக அனுப்புவார்: ‘லோடு என்னிடம் இருக்கிறது, கணக்கு பின்னால் வரும்.’ விசையை விடுவது காலி வண்டி திரும்புவது. அழுத்திப் பிடித்திருந்தால் அதே வண்டி மறுபடி மறுபடி வந்ததாகப் பதிவாகும். இரண்டு வண்டிச் சரக்கு ஒரே பில்லில் அடங்கலாம். ஒரே வண்டிக்கு இரண்டு பில்லும் போடலாம். ‘க்யூடி’ போன்ற டூல்கிட்டுகள் வண்டி வருகையையும் பில்லையும் இரண்டு தனித்தனி நிகழ்வுகளாகவே தருவது இதனால்தான்.

வரலாறு சுருக்கமாக: பழைய தட்டச்சில் ‘பே’ அடிக்க, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பை முதலில் அடித்துவிட்டு ‘ப’வை அடிப்பார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவான தமிழ்99, ஒலி வரிசைப்படி மெய்யை முன்னால் வைத்தது. அந்த ஆண்டே தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்தது.

இனி உங்கள் மென்பொருளுக்கு வருவோம். சரக்குப் பெயரில் எண்ணோ நட்சத்திரக் குறியோ விழக்கூடாது என்று நினைத்த நிரலர், வந்து சேரும் ஒவ்வொரு குறியீட்டையும் நிறுத்தி ‘நீ எழுத்தா?’ என்று கேட்கும்படி எழுதியிருக்க வேண்டும். யூனிகோடு அட்டவணையில் க, ள ‘எழுத்து’ வகை. புள்ளி, கால், விலங்கு மூன்றும் ‘குறி’ என்ற வேறு வகை. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

‘செயற்கை நுண்ணறிவு கீபோர்டு’, ‘இனி பேசினாலே போதும்’ என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். குரலில் சொன்னாலும் வந்து சேரப்போவது அதே ஏழு குறியீடுகள்தான். இந்தச் சோதனை அங்கேயே இருக்கும்வரை அதுவும் ‘தககள’தான் ஆகும்.

மென்பொருள் விற்றவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். சோதனையை விசை அழுத்தத்தில் வைக்காமல், பெட்டியில் சொல் முழுதாக வந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். எழுத்து வகையோடு குறி வகையையும் அனுமதிக்கச் சொல்லுங்கள். சரிசெய்து தந்ததும் ‘கத்தரிக்காய்’ என்று அடித்துப் பார்த்துவிட்டு, மாலூர் பக்கத்து விவசாயி ஒருவரின் பெயரைக் கன்னடத்திலும் அடித்துப் பாருங்கள். கன்னடத்தின் உயிர்க்குறிகளும் யூனிகோடில் இதே ‘குறி’ வகைதான். தமிழுக்கென்று மட்டும் ஒட்டுப்போட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.