அடுப்பு இலவசம், அடுத்த சிலிண்டர்?

2025 பெப்ரவரி முதலாம் திகதி இந்தோனேசிய அரசாங்கம் ஒரு தடையை நடைமுறைப்படுத்தியது. மானிய விலையிலான 3 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர்களை இனிமேல் சில்லறைக் கடைகளுக்குக் கொடுக்கக் கூடாது; மக்கள் பதிவு பெற்ற விற்பனை நிலையங்களுக்கே சென்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அந்த உத்தரவு. உடனேயே பல ஊர்களில் நீண்ட வரிசைகள் உருவாகின. சாப்பாட்டுக் கடைக்காரர்களும் பலகாரம் பொரித்து விற்போரும் வெற்று சிலிண்டரோடு காத்து நின்றனர். நான்காம் திகதி ஜனாதிபதி பிரபோவோ சுபியாந்தோ தலையிட்டு, சில்லறைக் கடைகள் மீண்டும் விற்க இடமளிக்குமாறு பணித்தார்.

கடைகள் அதிக விலைக்கு விற்கின்றன, மானியம் உரியவர்களைச் சென்றடைவதில்லை என்பது அரசாங்கத்தின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சில்லறைக் கடைக்காரர் அந்த மேலதிகப் பணத்துக்கு என்ன வேலை செய்தார் என்பதை அமைச்சு கணக்கில் எடுக்கவில்லை. சிலிண்டரை அவர் தெருமுனை வரை கொண்டு வந்தார். இரவிலும் கடையைத் திறந்து வைத்திருந்தார். தெரிந்தவர்களுக்குக் கடன் கொப்பியில் எழுதிக் கொடுத்தார். இவை மூன்றும் இல்லாவிட்டால் எரிவாயு என்பது நகரத்தில் எங்கோ இருக்கும் ஒரு பண்டம் மட்டுமே.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி இன்றும் சுமார் 210 கோடி மக்கள் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் கொண்டே சமைக்கின்றனர். வீட்டுக்குள் நிறையும் அப்புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்ததாக அது மதிப்பிட்டுள்ளது. அடுப்படியில் அதிக நேரம் இருக்கும் பெண்களும் சிறு பிள்ளைகளுமே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். இதனைச் சுகாதாரப் பிரச்சினையாகவே பலரும் பேசுகின்றனர். ஆனால் இதில் பாதி, பண்டத்தை எந்த அளவில், எந்த இடத்தில், எத்தகைய கொடுக்கல் வாங்கலில் விற்பது என்ற வியாபாரப் பிரச்சினை.

இதனை ஆரம்பத்தில் நன்றாகவே விளங்கிக்கொண்ட நாடும் இந்தோனேசியாதான். மண்ணெண்ணெய் மானியம் அரசாங்கத்தின் கழுத்தை நெரித்த வேளையில், 2007இல் மக்களை எரிவாயுவுக்கு மாற்றும் திட்டம் ஆரம்பமானது. அதனை முன்னின்று நடத்திய அப்போதைய உப ஜனாதிபதி யூசுப் கல்லா, மக்காசர் நகர வர்த்தகக் குடும்பத்தில் வந்தவர். நிரப்பிய 3 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, குழாய், ரெகுலேட்டர் ஆகியன இலவசமாக வழங்கப்பட்டன. சில வருடங்களில் ஐந்து கோடிக்கும் அதிகமான பொதிகள் விநியோகிக்கப்பட்டன. மண்ணெண்ணெயை லீற்றர் கணக்கில் வாங்கிப் பழகிய குடும்பத்தின் கைக்கு எட்டும் அளவு 3 கிலோ. பெண்ணொருவர் தனியாகத் தூக்கிச் செல்லலாம். பச்சை நிறத்தில் உருண்டையாக இருப்பதால் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'மெலன்'.

அவசரத்தின் விலையையும் அந்நாடு கொடுத்தது. தரமற்ற குழாய்கள், ரெகுலேட்டர்கள், தேய்ந்த ரப்பர் வளையங்கள் காரணமாக 2010இல் தொடர்ச்சியாக விபத்துகள் ஏற்பட்டன. ஒரு சிறு ரப்பர் வளையத்தில் மிச்சம் பிடித்ததனால் முழுத் திட்டத்தின் மீதும் மக்களுக்குப் பயம் பிடித்தது.

இந்தியாவின் அனுபவம் வேறு. 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் ஆரம்பிக்கப்பட்ட உஜ்வாலா திட்டத்தின் மூலம் 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது. சாதனைதான். ஆனால் இணைப்புப் பெற்றவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு சிலிண்டர் கூட நிரப்பவில்லை என்று அந்நாட்டுக் கணக்காய்வாளர் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. காரணம் பெரிய இரகசியமல்ல. வழமையான சிலிண்டர் 14.2 கிலோ. அதன் முழு விலையையும் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும். மானியம் பின்னரே வங்கிக் கணக்குக்கு வரும். நாட்கூலிக்காரரின் வீட்டில் அவ்வளவு பணம் ஒரே நாளில் சேர்வதில்லை. 5 கிலோ சிலிண்டரும் இருந்தது, ஆனால் அது பரவலாகவில்லை. சீனியை மூடைக் கணக்கில் மட்டுமே விற்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் கடைக்கு எத்தனை வாடிக்கையாளர் வருவார்கள்? எமது நாட்டில் 12.5 கிலோவோடு 5 கிலோ, 2.3 கிலோ சிலிண்டர்களும் இருப்பதன் பயனை எரிவாயு விற்கும் கடைக்காரர்கள் அறிவார்கள்.

இந்தோனேசிய முறையிலும் ஓட்டைகள் இல்லாமலில்லை. மானிய சிலிண்டரை யார் வேண்டுமானாலும் வாங்க முடிந்தபடியால் வசதி படைத்தவர்களும் உணவகங்களும் அதற்கே மாறினர். 2014 ஜனவரியில் 12 கிலோ சிலிண்டரின் விலை உயர்ந்தபோது இது மேலும் கூடியது. சிறிய சிலிண்டரிலிருந்து பெரியதற்கு எரிவாயுவை மாற்றி முழு விலைக்கு விற்ற மோசடிக்காரர்கள் பலர் பிடிபட்டனர். இப்படிப்பட்ட சிலரால்தான் நேர்மையான சில்லறை வியாபாரியின் மீதும் தடை விழுகிறது. எரிவாயுவில் முக்கால் பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இந்தக் கசிவு சிறிய நட்டமல்ல. 2024 ஜனவரி முதல் அடையாள அட்டையைப் பதிவு செய்தவர்களுக்கே மானிய சிலிண்டர் என்ற விதி வந்தது அதனால்தான். அடுத்த வருடம் கடைகளையே நீக்க முற்பட்டது அதனிலும் பெரிய பாய்ச்சல். நான்கு நாளில் அது பின்வாங்கப்பட்ட பின்னர், அதே கடைகளைப் பதிவு செய்து துணை விற்பனை நிலையங்களாக்குவதாக அறிவித்தனர். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

கென்யாவில் அரச மானியத்தை நம்பாமல் தனியார் நிறுவனங்கள் வேறு வழியை எடுத்தன. சிலிண்டரில் ஒரு மீற்றரைப் பொருத்தி வீட்டில் வைத்துவிடுகின்றனர். கைத்தொலைபேசியில் எம்-பெசா மூலம் அன்றைக்கு இயன்ற தொகையைச் செலுத்தினால் அந்த அளவுக்கு எரிவாயு திறக்கும். கரியை ஒரு தகரப் பேணி அளவில் வாங்கிய குடும்பம் எரிவாயுவையும் அவ்வாறே வாங்குகிறது. சிலிண்டர் தீரும் முன்னரே மீற்றர் அறிவித்துவிடுவதால் நிறுவனத்தின் ஆள் மாற்றுச் சிலிண்டருடன் வந்து நிற்கிறார். முதலீடு முழுவதும் நிறுவனத்தினுடையது. மீற்றருக்கும் சிலிண்டருக்கும் போட்ட பணம் சில்லறை சில்லறையாகத் திரும்பி வரும் வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும். நைரோபி போன்று வீடுகள் நெருங்கிய இடங்களில் இக்கணக்கு சரிவருகிறது. வீட்டுக்கு வீடு தூரமான கிராமங்களில் சிலிண்டரைக் கொண்டு செல்லும் கூலியே இலாபத்தைத் தின்றுவிடும் என்பதால், அங்கே இன்னும் விறகுதான் எரிகிறது.