கம்பெனிக்கு நோய் வராது, கடைக்காரருக்கு வரும்



"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணிகனுக்குக் கொடு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மிளகும் சுக்கும் மஞ்சளும் விற்கிற நமக்கு இதைவிட இனிப்பான பழமொழி வேறு கிடையாது. ஆனால் அந்த வாணிகனுக்கே நோய் வந்தால் அவன் எதை எடுத்து யாருக்குக் கொடுப்பது? பழமொழி அதைச் சொல்லவில்லை.

நம்மிடம் நெடுநாள் சரக்கு எடுத்த மளிகைக் கடைக்காரர் ஒருவர். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வாரம் பத்து மூட்டை எடுத்தவர் ஒரு கட்டத்தில் இரண்டு மூட்டைக்கு இறங்கினார். மொத்த வியாபாரிக்கு வாடிக்கைக்காரரின் உடல்நிலை சிட்டையிலேயே தெரிந்துவிடும். விசாரித்ததில், இருதயக் கோளாறு, மதுரையில் அறுவை சிகிச்சை, நான்கு லட்சத்துக்கு மேல் செலவு என்றார். மூன்று ஆண்டு பிரீமியம் கட்டிய பாலிசி கையில் இருந்தும், "சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் சொல்லவில்லை" என்று காப்பீட்டுக் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. விண்ணப்பத்தை நிரப்பியவர் ஏஜென்ட். இவர் கையெழுத்து மட்டும் போட்டவர். கடை முதல் அப்படியே கரைந்தது. "அவ்வளவு பெரிய கம்பெனியோடு நாம் வழக்காட முடியுமாண்ணே?" என்று கேட்டார்.

அவர் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் இரண்டு விஷயங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது யார்? மற்றொன்று, எல்லோருக்கும் மருத்துவம் என்று நாட்டில் நடக்கிற வாதத்தில் கடைக்காரருக்கு எங்கே இடம்?

கம்பெனியும் ஓர் ஆள்

செட்டிநாட்டாருக்கு இது புரியாத சங்கதி அல்ல. கோயில் நிலம் சாமி பெயரில் இருக்கிறது. குத்தகை பாக்கி வைத்தால் சாமி பெயரிலேயே வழக்கு நடக்கிறது. சாமி நேரில் வந்து சாட்சி சொல்வதில்லை. அவருக்காக அறங்காவலர் நிற்கிறார். தெய்வத்துக்குச் சட்டப்படி ஓர் ஆளுக்குரிய தகுதி உண்டு என்பதை 1925-இல் பிரிவி கவுன்சிலும் உறுதி செய்தது. கம்பெனியும் அதைப் போலத்தான். உடம்பு இல்லை, உயிர் இல்லை. ஆனால் சொத்து வாங்கலாம், விற்கலாம், கடன் படலாம், வழக்குப் போடலாம், அதன் மேலும் வழக்குப் போடலாம்.

லண்டனில் சாலமன் என்ற காலணி வியாபாரி 1892-இல் தம் கடையைக் கம்பெனியாக்கி, மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டார். கம்பெனி நொடித்தது. கடன்காரர்கள் சாலமனைப் பிடித்தார்கள். "கம்பெனி வேறு, சாலமன் வேறு, கம்பெனி கடனுக்கு அவர் பொறுப்பல்ல" என்று 1896-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. இன்றைய கம்பெனிச் சட்டங்களுக்கெல்லாம் அது அஸ்திவாரம்.

நம் கடைகளில் பெரும்பாலானவை தனி முதலாளிக் கடைகள். அங்கே கடை வேறு, முதலாளி வேறு என்ற பேச்சே இல்லை. கடைக் கடனுக்கு வீடும் பொறுப்பு. வீட்டு நோய்க்குக் கடையும் பொறுப்பு. ஐந்தொகையில் சரக்கு, பாக்கி, ரொக்கம் எல்லாம் எழுதுகிறோம். முதலாளியின் உடம்பை எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. ஆனால் கடையைத் தாங்கி நிற்பது அதுதான்.

கம்பெனிக்கு உள்ள உரிமையும் இல்லாத உரிமையும்

கம்பெனி ஆள்தான், ஆனால் இந்தியக் குடிமகன் அல்ல. இதைச் சொல்ல வைத்தது ஒரு விற்பனை வரித் தகராறு. ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற அரசுக் கம்பெனிக்கு விசாகப்பட்டினம் வணிகவரி அதிகாரி வரி கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், கம்பெனி குடிமகன் ஆகாது என்று 1963-இல் தீர்ப்பாயிற்று. ஆகவே அரசியல் சட்டம் 19-ஆம் பிரிவில் குடிமக்களுக்குத் தந்த தொழில் சுதந்திரம் முதலியவற்றைக் கம்பெனி தன் பெயரில் கேட்க முடியாது. 14-ஆம் பிரிவின் சமத்துவ உரிமை "எந்த நபருக்கும்" என்றிருப்பதால் அதைக் கேட்கலாம்.

அடுத்த வழக்கில் நம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று சென்னை, காரைக்குடி, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. 1969-இல் அரசு எடுத்துக்கொண்ட 14 வங்கிகளில் அதுவும் ஒன்று. வங்கிகள் குடிமக்கள் அல்லவே, யார் வழக்குப் போடுவது? வேறு சில வங்கிகளில் பங்கு வைத்திருந்த ஆர்.சி. கூப்பர் போட்டார். கம்பெனிக்கு நேர்ந்தது பங்குதாரரையும் பாதிக்கிறது என்று ஏற்று, 1970-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பிறகு நஷ்டஈட்டைத் திருத்திப் புதுச் சட்டம் வந்து வங்கிகள் அரசுடைமையாயின. கம்பெனியின் உரிமைக்குப் பின்னால் மனிதர்களின் முதல் இருக்கிறது என்பதை இதிலிருந்து காண்கிறோம். அதை இளக்காரமாகப் பேசுவது வணிகருக்கு அழகல்ல.

மருந்தில் மோதிய உரிமை

அந்த உரிமை நோயாளியின் உயிரோடு மோதினால்? அப்படிப்பட்ட ஒரு வழக்கு சென்னையிலேயே தொடங்கியது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு உரிய "கிளீவெக்" மருந்துக்குக் காப்புரிமை கேட்டு ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006-இல் அது மறுக்கப்பட்டது. அறிந்த மருந்தின் வடிவத்தை மாற்றினால் மட்டும் போதாது, குணத்திலும் மேம்பாடு வேண்டும் என்பது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே சமத்துவத்துக்கு விரோதம் என்று கம்பெனி வாதாடியதை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்தது. அந்நாளில் அந்த மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் தயாரித்த அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். மலிவாகக் கொடுத்தவையும் கம்பெனிகளே என்பதை மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. அங்கே 2010-இல் வந்த சட்டப்படி பெரிய முதலாளிகள் ஊழியரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கைவினைப் பொருள்கள் விற்கும் ஹாபி லாபி என்ற குடும்பக் கம்பெனி, சில கருத்தடைச் சாதனங்களுக்குக் காப்பீடு தருவது தங்கள் மத நம்பிக்கைக்கு விரோதம் என்றது. 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கம்பெனி பக்கம் சொன்னது. வைத்தியத்தை முதலாளி கையில் கட்டிவிட்டால், முதலாளியின் நம்பிக்கையும் மருந்துச் சீட்டில் ஏறிவிடுகிறது.

கம்பெனியாலும் தருமம் நடக்கும்

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் கம்பெனிச் சட்டப்படி பதிவான ஓர் அரசுக் கம்பெனி. மாநிலம் முழுவதற்கும் மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் வைத்து வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் இறக்கி, மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, தேறிய பிறகே விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம். அதில் உள்ள வரம்புக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். இது மொத்த வியாபாரம்தானே! மொத்தக் கொள்முதல், தரம் பார்த்தல், கணக்கு என்ற நம் மூன்று வித்தைகளால்தான் அரசு ஆஸ்பத்திரியில் ஏழைக்கு இலவச மாத்திரை கிடைக்கிறது. பிற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றின.

கடைக்காரர் எந்த வரிசையில்?

ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் தேறினால் அந்தக் கதவு அடைத்துவிடும். ஆலைத் தொழிலாளிக்கும் பெரிய கடை ஊழியருக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு, அது சம்பளக்காரருக்கு உரியது, கடை முதலாளிக்கு அல்ல. பெரும் பணக்காரருக்குக் கவலை இல்லை. நடுவில் தராசு பிடித்து நிற்கிற நாம் எதிலும் சேரவில்லை.

"எல்லோருக்கும் மருத்துவம் என்றால் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பவர்கள் நம்மிலும் உண்டு. நியாயமான கேள்வி. 2023-இல் ராஜஸ்தான் அரசு மருத்துவ உரிமைச் சட்டம் கொண்டுவந்து, அவசர சிகிச்சையைத் தனியார் ஆஸ்பத்திரியும் முன்பணம் கேட்காமல் தர வேண்டும் என்றபோது, செலவை யார் தருவது என்று கேட்டு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடனுக்குச் சரக்குக் கொடு, பணம் பிறகு பார்க்கலாம் என்று நமக்குச் சட்டம் போட்டால் நாமும் அதைத்தான் கேட்போம். ஆகவே உரிமையை எழுதுகிற அரசு பட்டுவாடாவையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆனால் முதலாவது எது என்பதில் சந்தேகம் வேண்டாம். அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை, ரத்தமும் சதையும் உள்ள மனிதனுக்கே பொருந்தும். அவசர சிகிச்சை தராமல் அரசு மருத்துவமனை திருப்பி அனுப்பினால் அந்த உரிமை மீறப்படுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லியிருக்கிறது. கம்பெனியின் உரிமை சட்டம் கொடுத்தது. சட்டத்தால் அளவு வைக்கவும் முடியும். உயிர் அப்படியல்ல. பொது மருத்துவத்தை நாம் ஆதரிக்க வேண்டியது இரக்கத்தால் மட்டுமல்ல, கடை முதலைக் காப்பதற்காகவும்தான். அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் வியாபாரத்தில் மகமை எடுத்துவைத்துப் பொதுக்காரியம் நடத்தினார்கள். எல்லோரும் கொஞ்சம் போட்டு, தேவைப்பட்டவர் எடுப்பது என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல.

இன்றே செய்ய வேண்டியவை

1. பாலிசி விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள், அல்லது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்திடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்க வேண்டாம். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பிற்பாடு தகராறு இல்லை.

2. பாலிசியை இடையில் விடாதீர்கள். 2024-இல் வந்த விதிப்படி, தொடர்ந்து 60 மாதம் கட்டியபின், மோசடி நிரூபணமானால் ஒழிய, "சொல்லவில்லை" என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது.

3. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. குழு பாலிசிக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள்.

4. கம்பெனி மறுத்தால் எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையேல், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

5. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியும் இதற்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. வியாபாரத்துக்காக எடுத்த காப்பீடு என்பதால் மட்டும் வணிகரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் சொன்னது.

6. 1989-இல் அமைந்த தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் தகுதியுள்ள சிறு வணிகர் எல்லோரும் உறுப்பினராகுங்கள்.

ஆக, "கம்பெனியோடு வழக்காட முடியுமா?" என்ற கேள்விக்கு, முடியும் என்பதே விடை. சட்டம் அதை ஓர் ஆளாக்கி வைத்திருப்பதால்தான் முடிகிறது. ஆளுக்குரிய உரிமையைக் கேட்கிற கம்பெனி, ஆளுக்குரிய பதிலையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நம் நண்பர் இதைக் கேட்டபோது, மறுப்புக் கடிதம் வந்து மூன்று ஆண்டு கடந்திருந்தது. இரண்டு வாசலிலும் கெடு முடிந்துவிட்டது. அந்தக் கடிதத்தை அவர் பேரேட்டுக்குள் மடித்து வைத்திருந்தார், யாரிடமும் காட்டவில்லை. வெட்கப்பட்டேன் என்றார். கடை இன்றும் நடக்கிறது. அலமாரியில் பாதி காலி.

ஆகவே உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். அப்படி ஒரு கடிதம் வந்தால் மடித்து வைக்காதீர்கள். அந்த வாரமே சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து படித்துப் பதில் எழுத நாம் இருக்கிறோம்.